பதினோரு மில்லிமீட்டர்

அன்று காலை ஏழு மணிக்கே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் அறுபது கிலோ நாய் ஒன்றைத் தனியாளாக மேசைக்குத் தூக்கியதில் அடிமுதுகில் என்னவோ நழுவிவிட்டது. அதற்கு மேல் ஈயம் வைத்த மேலங்கி, ஏழு கிலோ. எக்ஸ்ரே ஓடும் அறையில் அதை மாட்டாமல் நிற்க முடியாது. மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றால் முதுகெலும்பின் கடைசிக் கட்டையில் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுகிற மாதிரி இருக்கும்.

வியாழக்கிழமை மட்டும்தான் எங்கள் கால்நடை மருத்துவமனையில் ரத்தக்குழாய் வேலை நடக்கும். நாய்க்கும் பூனைக்கும் அடைத்துப்போன குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது. மனிதனுக்கு வைக்கும் அதே கம்பிவலைதான். அதை வைப்பவர் டாக்டர் வெத்ரானா. இஸ்ட்ரியா தீபகற்பம் முழுக்க அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் தோரினா, அவருடைய டெக்னீஷியன். தூக்குவது, மழிப்பது, ஸ்கேன் எடுப்பது, அளப்பது, கடைசியில் தரையைத் துடைப்பது எல்லாம் என் வேலை. என் அப்பா பூலா கப்பல் தளத்தில் வெல்டராக இருந்து நுரையீரலைத் தொலைத்தவர். உடம்பு வலிக்கிறது என்று வேலைக்குப் போகாமல் நிற்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அன்றைக்கு ஒரே கேஸ். பிரினா. பதினாறு கிலோ, சுருட்டை முடி, பழுப்புப் பெட்டை நாய். சொந்தக்காரர் லிவியோ, மிர்னா ஆற்றுக் காட்டை ஒட்டிய ஊர்க்காரர். முப்பத்தொரு வருஷம் கல்குவாரியில் இருந்து, இடது கையில் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். குவாரியை மூடிய பிறகு பிரினாதான் அவருக்குச் சோறு போட்டாள். மண்ணுக்கடியில் ஒரு முழ ஆழத்தில் கிடக்கும், தங்க விலைக்குப் போகும் ட்ரஃபிள் காளானை மோந்து பிடிக்கிற மூக்கு அவளுக்கு. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கும் அந்த நாய்தான்.

நவம்பரில் காட்டில் ஒரு பன்றி அவளை முட்டித் தூக்கி எறிந்தது. மூன்று விலா எலும்பு முறிந்து கூடிவிட்டது. ஆனால் ஜனவரியில் வயிறு ஊத ஆரம்பித்தது. இரண்டு தடவை கொண்டுவந்தார். இரண்டு தடவையும் ஊசி போட்டு இரண்டரை லிட்டர் தண்ணீரை வடித்தோம். நாலே நாளில் மறுபடி நிரம்பியது.

இரண்டாம் தடவை டாக்டர் அவரை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார்.

“பின்னங்கால்ல, வயித்துல ஓடுற ரத்தம் பூரா இந்த ஒரே குழாய்ல ஏறித்தான் இதயத்துக்குப் போகணும். பன்றி முட்டினதுல இதயத்துக்கு ஒரு சாண் கீழ இது நசுங்கித் தழும்பு விழுந்துடுச்சு. மேல போக வழியில்லாததால தண்ணி வயித்துல கசியுது.”

“வாய்க்கால்ல பாறை விழுந்தாப்புல.”

“அப்படித்தான். பாறையை எடுக்க முடியாது. அந்த இடத்துல ஒரு ஸ்டென்ட்டை விரிச்சு வெச்சுட்டா வழி கிடைக்கும்.”

“மனுஷனுக்கு வெக்கிறாங்களே, அதுவா?”

“அதேதான்.”

“எனக்கு நெஞ்சுல ஒண்ணு வெக்கணும்னு போன வருஷம் சொன்னாங்க டாக்டர். எட்டு மாசம் காத்திருன்னாங்க. இவளுக்கு அடுத்த வியாழக்கிழமையேங்கறீங்க. நானும் நாலு கால்ல வந்திருக்கணும்.”

டாக்டர் லேசில் சிரிக்காதவர். அன்றைக்குச் சிரித்தார்.

அந்த வியாழக்கிழமைதான் இது. வெளியே புரா என்கிற குளிர்காலப் பேய்க்காற்று கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. லிவியோ தன் ஊர் ரொட்டிக் கடைக்காரரிடம் இரவல் வாங்கின வேனில் வந்து இறங்கினார். பிரினாவைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். நான் வாசலில் வாங்கிக்கொண்டேன். வாங்கியதுமே தெரிந்தது, எடை குறைந்திருந்தாள். பீப்பாய் மாதிரி இருந்த வயிறு தளர்ந்து தொங்கியது.

“பாத்தியா பொண்ணே, எப்படி வத்திப்போயிருக்குன்னு? கல்யாணப் பொண்ணு மாதிரிக் கொண்டாந்திருக்கேன்.”

எங்கள் பக்கத்தில் மூத்த ஆண்களை பார்பா என்றுதான் கூப்பிடுவோம்.

“எப்படி பார்பா? வடிக்கக்கூட இல்லையே.”

“நேத்து மத்தியானத்துல இருந்து தண்ணி காட்டல. அந்த மூத்திர மாத்திரை இருக்குல்ல, அதுல ஆறு போட்டேன்.”

“ரெண்டுதானே எழுதிக் கொடுத்தோம்?”

“ரெண்டு போட்டா ரெண்டுக்குத்தான் போகும். வயிறு முட்டிக்கிட்டு இருந்தா மயக்க மருந்து குடுக்கறது கஷ்டம்னு டாக்டர் அன்னிக்கு சொன்னாங்கல்ல? அதான். காட்டுக்குப் போறதுக்கு மொத நாளும் நாங்க இப்படித்தான், காய வெச்சுத்தான் கூட்டிட்டுப் போவோம். வயிறு நெறஞ்ச நாய் மண்ணைத் தோண்டாது. இன்னிக்கும் அவளுக்கு வேலை நாள்தானே?”

ட்ரஃபிள் நாய் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைச் செய்வார்கள். வேட்டைக்கு முந்தின நாள் தீனி கிடையாது. பசித்த மூக்குதான் கூர்மை என்பது அவர்கள் கணக்கு. இரவு முதல் சாப்பாடு வேண்டாம் என்று நாங்கள் சொன்னதை அவர் தன் வழக்கத்தில் போட்டு இறுக்கிவிட்டார். தண்ணீரையும் நிறுத்தி, மாத்திரையையும் ஏற்றி, முழுக்கக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

காய்ந்த உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கும். ரத்தம் குறைந்தால் இந்தப் பெரிய குழாய், தண்ணீர் நிறுத்திய தோட்டத்து ரப்பர் குழாய் மாதிரித் துவண்டு மெலிந்துவிடும். அப்போது அளந்தால் அளவு பொய். பன்னிரண்டு வருஷம் இந்த வேலையில் இருக்கிற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால் அவர் நரம்பு வழியாகச் சொட்டுநீர் ஏற்றச் சொல்லி, அடுத்த வியாழனுக்குத் தள்ளிவைப்பார். அதற்குள் வயிறு மறுபடி நிரம்பும், மறுபடி வடிக்கலாம். நாய் அந்த ஒரு வாரத்தில் செத்திருக்காது. அப்படிச் செத்திருக்கும் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. எனக்கு இடுப்பு வலித்தது. அடுத்த வியாழன் என் விடுப்பு, தள்ளிவைத்தால் அது போய்விடும். எடுத்ததை முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

“சரி பார்பா, பரவாயில்ல. வெளிய உக்காருங்க,” என்றேன்.

ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் இரண்டு தடவை பார்த்தார்.

“கெட்டியா இருக்கே. மாத்திரை ஏதாவது கூடப் போட்டாரா?”

“வழக்கமானதுதான் டாக்டர்.”

“கேட்டியா?”

“கேட்டேன்.”

திரும்பிப் போய்த் திருத்திச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நாய்க்கு மயக்க ஊசி போட்டாகிவிட்டது, இனிமேல் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்தேன். தழும்புக்கு மேலேயும் கீழேயும் குழாய் நன்றாக இருக்கிற இடத்தில் கோடு இழுத்து அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர்.

“ஒன்பதா?” என்றார் டாக்டர். “பதினாறு கிலோ நாய்க்கு?”

“மூணு தடவை அளந்துட்டேன்.”

அது உண்மை. மூன்று தடவையும் ஒன்பதுதான் வந்தது.

ஸ்டென்ட் குழாயைவிட இரண்டு மில்லி பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் சுவரை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். அலமாரியில் பதினொன்றும் இருந்தது, பதினான்கும் இருந்தது. இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். டாக்டர் பதினொன்றைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

வேலை அழகாக நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கழுத்துக் குழாய் வழியாகக் கம்பி இறங்கியது. குழாயைத் திரையில் கருப்பாகக் காட்டுகிற மருந்து தழும்பு வரைக்கும் வந்து முட்டி நின்றது. டாக்டர் பலூனை ஊதி அந்த இடத்தை விரித்தார். அப்புறம் ஸ்டென்ட்டை மெதுவாக விட்டார். மடக்கின குடை விரிகிற மாதிரி அது விரிந்தது. மறுபடி மருந்து விட்டபோது தடையில்லாமல் ஒரே ஓட்டமாக இதயத்துக்குள் போனது.

“பிரமாதம்,” என்றார் டாக்டர், தனக்குத்தானே. முகமூடிக்கு மேலே அவர் கண்ணில் ஒரு பிரகாசம். பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

லிவியோவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

“உங்கப்பா கப்பல் தளத்துலயா இருந்தாரு? போன தடவை சொன்னியே.”

“ஆமா. வெல்டர்.”

“அதான் கை சுத்தமா இருக்கு உனக்கு. படிச்சவங்க கை எப்பவும் நடுங்கும்.”

அவர் அன்றிரவு எங்கள் ஊரிலேயே தங்கினார். நான் வீட்டுக்குப் போய் இடுப்புக்குச் சூடு வைத்துப் படுத்தேன். நன்றாகவே தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை வந்தபோது பிரினா கூண்டில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கச் சொட்டுநீர் ஏறியிருந்தது. இரண்டு கிண்ணம் தண்ணீரை நக்கிக் குடித்துவிட்டாள். ஈறு சிவந்திருந்தது. பத்து மணிக்கு லிவியோ தகர டப்பாவில் வேகவைத்த கோழியைக் கொண்டுவந்தார். கூண்டுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருக்கிற மூன்று விரலால் பிய்த்துப் பிய்த்து ஊட்டினார்.

“மெதுவாத் தின்னு, களவாணி. உன் பங்கை யாரும் பிடுங்கப் போறதில்ல. செப்டம்பர்ல என் கூட வரணும், தெரியுதா? அந்தப் பன்றியை நாம ரெண்டு பேரும் போய் விசாரிக்கணும்.”

“பன்றிக்கு இந்நேரம் பேரப்பிள்ளை பொறந்திருக்கும் பார்பா.”

“அதுங்களையும் சேத்து விசாரிப்போம்.”

பதினொன்றேகாலுக்கு அவள் தின்பதை நிறுத்தினாள். வாயில் இருந்த துண்டு கீழே விழுந்தது. முன்னங்கால் இரண்டும் அகல விரிந்தன. பின்பு, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சரிந்தாள். லிவியோ அவள் தலை தரையில் இடிக்காமல் கையைக் கொடுத்துவிட்டார்.

நான் ஓடிப்போய் நெஞ்சில் காது வைத்தேன். தாளமே இல்லை. டப்டப் என்று ஐந்தாறு, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி கண்டபடி.

எக்ஸ்ரேயில் பார்த்ததும் டாக்டர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயில் அதை நான் கேட்டதில்லை. ஸ்டென்ட் வைத்த இடத்தில் இல்லை. ரத்த ஓட்டத்தோடு வழுக்கிப் போய் இதயத்தின் வலது அறையில் குறுக்காகக் கிடந்தது. இதயம் துடிக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து ஆடியது.

“கண்ணிக் கம்பி எடு. சீக்கிரம்.”

மேலங்கியை மாட்டினேனா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை. மறுபடி கழுத்து வழியாக, நுனியில் சுருக்குப் போட்ட கம்பி இறங்கியது. டாக்டர் ஸ்டென்ட்டின் ஒரு முனையைப் பிடித்துவிட்டார். இழுத்தார். அது இதய வால்வில் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்கத் திரையில் இதயமே சாய்ந்து வந்தது. இதயத்துடிப்பைக் காட்டும் பச்சைக் கோடு ஒரு நடுக்கம் நடுங்கித் தாறுமாறாகப் போனது. கம்பியை விட்டுவிட்டு நெஞ்சை அமுக்கினோம். நான் அமுக்கினேன், அவர் அமுக்கினார், மறுபடி நான் அமுக்கினேன். என் கைக்கடியில் பழைய விலா எலும்பு ஒன்று மறுபடி முறிந்ததை உணர்ந்தேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு டாக்டர் என் தோளைத் தொட்டு, “போதும்,” என்றார்.

கையுறையைக் கழற்றாமலே அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணிக் கம்பி போட்டபோது பதிவான படத்தை எடுத்து, குழாயை அவரே அளந்தார். என்னைக் கேட்கவில்லை.

“பன்னிரண்டரை,” என்றார். “நேத்து ஒன்பது. இன்னிக்குப் பன்னிரண்டரை. ராத்திரி சொட்டுநீர் ஏறினதும் குழாய் விரிஞ்சிருக்கு. பதினொண்ணு எப்படி நிக்கும்? நேத்து அந்த நாய் சருகாக் காஞ்சிருந்திருக்கு தோரினா. ரெண்டு மாத்திரையில அப்படி ஆகாது.”

நான் கம்பிகளைத் தட்டில் பொறுக்கிப் போட்டேன்.

“அவரைக் கூப்பிடு.”

லிவியோ உள்ளே வந்தார். நாய் செத்துவிட்டது என்று அவருக்கு நான் வெளியிலேயே சொல்லியிருந்தேன். அழவில்லை. சட்டையில் கோழி எண்ணெய் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. வர்றதுக்கு முன்னாடி எத்தனை மாத்திரை போட்டீங்க?”

“ஆறு.”

“தண்ணி?”

“குடுக்கல. மொத நாள் மத்தியானத்துல இருந்து.”

“கடவுளே. ஏன்?”

“வேலைக்குக் கூட்டிட்டுப் போறப்ப அப்படித்தான் செய்வோம்.”

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு அளவைப் பற்றிச் சொன்னார். காய்ந்த குழாய், நிறைந்த குழாய், பதினொன்று, பதினான்கு. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. லிவியோ கேட்டுக்கொண்டே இருந்தார். வாய்க்கால், பாறை என்று அன்றைக்குப் புரிந்துகொண்ட மனுஷன், இதையும் புரிந்துகொண்டார். அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

“அப்ப மாத்திரையாலதான்,” என்றார்.

“மாத்திரை போட்டதைவிட, போட்டதை நீங்க சொல்லாததுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நேத்துத் தொட்டே இருக்க மாட்டேன். ஏன் சொல்லல? இங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

லிவியோ என்னைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றேன். வாயைத் திறக்க வேண்டியது நான். இரண்டே வார்த்தை: என்னிடம் சொன்னார். அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். அப்பாவின் ஆக்சிஜன், வீட்டு வாடகை எல்லாம் ஒரே நொடியில் மண்டைக்குள் வந்து போனது. அவை எல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்ட சாக்கு. அந்த நொடியில் இருந்தது வெறும் பயம்.

“இல்ல டாக்டர்,” என்றார் லிவியோ. “யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு நெனச்சேன்.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தாளை எடுத்து எழுதினார். எழுதியது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது: கூடுதல் மருந்து கொடுத்ததையும் தண்ணீர் நிறுத்தியதையும் உரிமையாளர் மறைத்துவிட்டார்.

போர்வையில் சுற்றிய பிரினாவை வேன் வரைக்கும் நான் தூக்கி வந்தேன். காற்றில் போர்வையின் ஓரம் படபடத்தது. அவர் வாங்கி முன்சீட்டில் வைத்தார். பின்னால் வைக்க மனசு வரவில்லை.

“ஏன் பார்பா அப்படிச் சொன்னீங்க?”

அவர் பறக்கிற போர்வை ஓரத்தை உள்ளே செருகினார்.

“மாத்திரை போட்டது என் கை,” என்றார். “உன்னையும் சேத்து இழுத்து என்ன ஆகப்போவுது? அவ எழுந்து வந்துடுவாளா? போ. காத்துல நிக்காத.”

அதில் கோபம் இருந்ததா என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் மாதம் டாக்டர் தலைநகர் ஸாக்ரெபில் மற்ற கால்நடை மருத்துவர்கள் முன்னால் இந்தக் கேஸை எடுத்துப் பேசினார். அதற்கான படங்களை நான்தான் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். ஒன்பது, பன்னிரண்டரை, இதயத்தில் குறுக்காகக் கிடக்கும் கம்பிவலை. கடைசிப் படத்தில் பெரிய எழுத்தில்: சொந்தக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள் என்று வந்து சொன்னார். இப்போது எங்கள் வரவேற்பு மேசையில் ஒரு தாள் இருக்கிறது. கொடுத்த மருந்தை எல்லாம் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம். போடுகிறவர்களிடம் நான்தான் பேனாவைக் கொடுக்கிறேன்.

செப்டம்பரில் அந்த ரொட்டிக் கடைக்காரர் தன் பூனையைக் கொண்டுவந்தார். லிவியோ எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“மர அறுவை மில்லுல கூலிக்குப் போறான். நாய் வாங்கலாம்னு மூணு பேர்கிட்டக் கேட்டான். யாரும் குட்டி குடுக்க மாட்டேங்கறாங்க.”

“ஏன்?”

“காய வெச்சுக் கொன்னுட்டு, டாக்டர்கிட்டயும் மறைச்சவன்னு ஊரெல்லாம் பேச்சு. எங்க ஆளுங்க நாய் விஷயத்துல அப்படித்தான். மனுஷனைக் கொன்னாக்கூட மன்னிச்சுடுவாங்க.” அவர் பூனைக் கூடையைக் கீழே வைத்தார். “அவனும் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்றதில்ல. ஆமா, மறைச்சேன்ங்கறான்.”

நான் பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் மேசையில் தனியாகத்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது. என்ன கேஸ் என்று கேட்டார். பூனைக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் போகவில்லை என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

லிவியோ அந்த வியாழக்கிழமை காலையில், வாசலிலேயே, என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான்தான் டாக்டரிடம் சொல்லவில்லை. இதை டாக்டரிடமும் அவருடைய ஊர்க்காரர்களிடமும் சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. இன்னும் தீர்க்கவில்லை.